கவாத்து மாமாவின் கடைசி அத்தியாயம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேத்தியின் பழைய கொப்பியில் மிச்சம் கிடந்த பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன். வசனம் கோணலாக இருக்கும். நடந்தது முன்னும் பின்னுமாக வரும். சில இடத்தில் மறந்தும் போயிருக்கும். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள் பத்திரிகைக்கு எழுதுகிறாளே என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த மலைநாட்டில், ஊருக்கெல்லாம் மாமாவான கவாத்து மாமாவின் கத்தி படாதது இரண்டே இரண்டுதான். ஒன்று சிவனொளிபாதமலை. இன்னொன்று ரயில் பாதை. முதலாவது அவருக்கு எட்டவில்லை. இரண்டாவது ஏற்கெனவே தரையோடு கிடக்கிறது.

தேயிலையைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தேயிலைச் செடியைச் சும்மா விட்டால் மரமாகி மேலே போய்விடும். அப்புறம் கொழுந்து பறிக்க ஏணிதான் வேண்டும். அதனால் சில வருசத்துக்கு ஒரு தடவை ஆம்பிளையாட்கள் வளைந்த கத்தியோடு போய்ச் செடியை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வெட்டி விடுவார்கள். அதுதான் கவாத்து. எங்கள் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் அந்த வேலையில் மாமாவை அடிக்க ஆளே இல்லை. அவர் வெட்டி முடித்த மலையில் ஒரு தட்டில் தேத்தண்ணியை வைத்து மேலேயிருந்து தள்ளிவிட்டால் சிந்தாமல் கீழே வந்து சேரும் என்பார்கள். நான் தள்ளிப் பார்த்ததில்லை.

கரைச்சல் என்னவென்றால், மலையை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கை அடங்காது. இடுப்புக்கு மேலே வளர்ந்த எதைக் கண்டாலும் மாமாவுக்கு உடம்பெல்லாம் நமைக்கும்.

ஒருமுறை துரை பங்களாவில் வேலி வெட்டக் கூப்பிட்டார்கள். அங்கே தோட்டக்காரர் வருசக்கணக்காகப் பாடுபட்டு ஒரு செடியை மயில் மாதிரியே வளர்த்து வைத்திருந்தார். மாமா போன ஒரு மணித்தியாலத்தில் மயில் கோழியாகிவிட்டது. துரை ஓடி வந்தார்.

“கவாத்து! மயில் எங்க?”

“இங்கதாங்க நிக்குது தொர. கழுத்து மட்டும் கொஞ்சம் ஓவரா வளந்திருந்துச்சு, எடுத்துட்டேன். இனிமே பாருங்க, நல்லாக் கெளைக்கும்.”

மேல் லயத்தில் ஒரு கல்யாணம். வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழை மரமும் காலையில் பார்த்தால் இடுப்பளவுக்கு நிற்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் கொதித்துப் போனார்கள்.

“என்னய்யா இது, கல்யாண வீட்டு வாசலா, ஆட்டுக்கொட்டில் வாசலா?”

“மாப்புள்ள ஒசரத்துக்கு இது போதுமுங்க” என்று மாமா சமாதானம் சொன்னார். மாப்பிள்ளை உண்மையிலேயே கொஞ்சம் குட்டை. அந்த உண்மையால்தான் சண்டை பெரிதானது.

கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு தாடி வளர்த்த ஒருவர் தலவாக்கலையில் பஸ் ஏறி, சன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போனார். பக்கத்து சீட்டில் மாமா. ஹட்டனில் இறங்கும்போது தாடியில் ஒரு பாதிதான் இருந்தது.

“யோவ்! சாமிக்கு நேந்த தாடிய்யா இது!”

“சாமி தாடியத்தானே கேட்டுச்சு, இத்தன மொழம்னு கேட்டுச்சா? கோவப்படாதீங்க தம்பி. மூச்சு விட ஒரு பக்கம் விட்டிருக்கேன் பாருங்க.”

மூச்சு விட ஒரு பக்கம் என்பது கவாத்து வேலையின் சட்டம். செடியை மொத்தமாக மொட்டையடித்தால் செத்துவிடும். ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விட வேண்டும். அந்த ஒரு கிளையால் மூச்சு விட்டுத்தான் செடி மறுபடி துளிர்க்கும். மாமா எதை வெட்டினாலும் அந்த ஒரு கிளையை விடாமல் இருந்ததில்லை. அந்தத் தாடியில்கூட.

தேர்தல் கூட்டத்துக் கதைதான் எல்லாவற்றிலும் பெரிது. தலைவர் யார் என்று எழுத மாட்டேன், ஆள் இன்னும் இருக்கிறார். தோட்டத்தின் சார்பில் மாலை போட மூத்த தொழிலாளி வேண்டுமென்று மாமாவை மேடையில் ஏற்றினார்கள். மாலை தலைவரின் கணுக்கால் வரைக்கும் தொங்கியது. மாமா போட்டார், இரண்டடி பின்னால் நகர்ந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார், இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். மேடையில் இருந்த பொலிஸ்காரர்கள் சிங்களத்தில் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் மாலை தலைவரின் தொப்புளுக்கு வந்துவிட்டது.

“காலத் தடுக்கிவிடப் பாத்துச்சுங்க, ஐயா” என்றார் மாமா, இரண்டு பொலிஸ்காரர்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டே. “அடுத்த தடவ வாறப்ப பேச்சையும் எங்கிட்ட ஒருக்கா காட்டிட்டுப் பேசுங்க. அதுவும் ரொம்ப வளந்திருக்கு.”

இதையெல்லாம் இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் இருபது வருசமாக எனக்கு அந்த மனுசனைக் கண்டாலே ஆகாமல் இருந்தது. காரணம் ஒரு பேரி மரம்.

லயத்தில் நாங்கள் குடியிருக்கிற காம்பராவுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரர் ஒரு பேரிக் கன்று நட்டார். அது கூரைக்கு மேலே வளர்ந்தது. காய்தான் வரவில்லை. அவர் செத்த மறு வருசம் ஒரு நாள் நான் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன், மரம் என் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. மாமா பக்கத்தில் குந்தி வெட்டின வாயில் சாணம் பூசிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அண்ணே, அது எங்க வீட்டுக்காரரு வச்ச மரம்ணே!”

“வச்சவரு கவாத்துப் பண்ண மறந்துட்டாரு தங்கச்சி” என்றார், சாணத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அன்றைக்குக் கதவைச் சாத்தினவள்தான். குழாயடியில் அவரைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். தண்ணீர் இல்லாமல் சமைத்தாலும் சமைப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் மாஸ்டர் வந்தார். எங்கள் கீழ் லயத்தில் பிறந்து, படித்து, இப்போது ஹட்டனில் படிப்பிக்கிறவர். தோட்டத்தைப் பற்றி ஒரு கேலி நாவல் எழுதுகிறேன், பழைய கதை சொல்லுங்கள் சின்னம்மா என்று என் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்தார். நான் யாரோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள். துரையைப் பற்றிக் கேட்டார், இரண்டு வார்த்தை சொன்னேன். கணக்கப்பிள்ளையைப் பற்றிக் கேட்டார், இரண்டு வார்த்தை சொன்னேன். கவாத்து மாமாவைப் பற்றிக் கேட்டார். நான் நிறுத்தியபோது அடுப்பு அணைந்து சாம்பல் ஆறிப் போயிருந்தது. மாஸ்டரின் போனில் சார்ஜும் முடிந்திருந்தது.

கடைசியாக இதையும் சொன்னேன். “அந்த ஆளு செத்தா தூக்க ஒரு ஆளும் வராது தம்பி. தேயிலச் செடிதான் நிம்மதியா ஒரு அங்குலம் வளரும்.”

மாஸ்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். “சின்னம்மா, நீங்க எழுத வேண்டிய ஆளு!” என்றார். என்னை அப்படிப் பாராட்டின ஆள் அதுவரை யாரும் இல்லை. இரண்டு நாள் அந்தச் சந்தோசத்திலேயே ரொட்டி சுட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. விழாவுக்கு முன்னாலேயே எனக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டார். துரை, தலைவர், கணக்கப்பிள்ளை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. எல்லாரிலும் பெரிய கோமாளி கவாத்து மாமாதான். நாவலில் அவருக்கு வெட்டுக்கிளியார் என்று பெயர். விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் நான் வாசிப்பேன். அப்படி வாசித்தும் சிரிப்பு தாங்கவில்லை. நல்லா வேண்டும் இந்த ஆளுக்கு என்று நினைத்தேன். கடைசி அத்தியாயத்தில் வெட்டுக்கிளியார் செத்துப் போகிறார். நாவலே என் வசனத்தில்தான் முடிகிறது. “ஒரு ஆளும் வரவில்லை. தேயிலைச் செடிகள்தான் நிம்மதியாக ஒரு அங்குலம் வளர்ந்தன.” அச்சில் அதை மூன்று தடவை வாசித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் கவாத்து மாமா. ஒரு புதுத் துவாயில் எதையோ சுற்றி, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்.

“தங்கச்சி, கதவச் சாத்திறாதீங்க. மாஸ்டர் என்னையப் பத்திப் புத்தகம் போட்டிருக்காரு.”

துவாயைப் பிரித்தார். அதே புத்தகம்.

“ஹட்டன்ல விழா. இது மாஸ்டர் முன்னாடியே குடுத்தது, மேடைல கூப்புட்டு இன்னொரு பிரதியும் குடுப்பாங்களாம். நாலு லயத்துக்கும் சொல்லிட்டேன். அதுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டா நல்லது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது வேலி வெட்டத்தான்.”

“வேற யாருகிட்டயாச்சும் குடுங்கண்ணே.”

“மத்தவங்க எல்லாம் போன்லதான் வாசிக்கிறாங்க. புத்தகம் வாசிக்கிறது நீங்க ஒருத்தவங்கதான்.”

வேறு யாரிடமாவது போனால் உள்ளதை உள்ளபடி வாசித்துவிடுவார்கள். அதோடு, இந்தக் கதையெல்லாம் யார் சொன்னது என்ற பேச்சும் வரும். வாசல் திண்ணை இஸ்தோப்பில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவர் பிரதி கசங்க வேண்டாமென்று என் புத்தகத்தையே எடுத்து வந்தேன். உட்கார்ந்தார்.

முதல் பக்கத்திலேயே எனக்கு வேர்த்தது. ‘வெட்டுக்கிளியாரின் உடம்பு, எலும்புக்கூட்டுக்குச் சட்டை போட்டது போலிருக்கும். மூக்கோ பாக்குவெட்டி’ என்று இருந்தது. நான் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு வாசித்தேன்: “நல்ல ஒசரமான மனுசன். எடுப்பான மூக்கு.”

மாமா தன் மூக்கைத் தடவிப் பார்த்தார்.  “மாஸ்டருக்குக் கண்ணாடி மாத்தணும் போல” என்றார்.

மயில் கதை வந்தது. துரை மயிலைப் பார்த்து மெச்சித் தோளில் தட்டிக்கொடுத்தார் என்று வாசித்தேன். மாமா வாளியிலிருந்து எழுந்துவிட்டார்.

“தட்டிக் குடுத்தாரா? நாலு நாளைக்குப் பெரட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னு வெரட்டி விட்டாரு தங்கச்சி! இந்த மாஸ்டர் பொய்யா எழுதி வச்சிருக்காரு. நான் இப்பவே ஹட்டனுக்குப் போயிக் கேட்டுட்டு வாறேன்.”

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் அவரைச் சேர்க்காமல் நிறுத்தியது எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அவர் போய்க் கேட்டால் என் குட்டு வெளியாகிவிடும். “இருங்கண்ணே, ஒரு வரிய விட்டுட்டேன். கண்ணு சரியாத் தெரியல” என்று சொல்லி, இருந்ததை இருந்தபடி வாசித்தேன். கழுத்துப் போன மயில் கொக்கரித்தது என்று மாஸ்டர் எழுதியிருந்தார். அவ்வளவுதான். மாமா சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் கிடுகிடுத்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இது சரி! இது உண்ம! அந்தத் தொர மூஞ்சிய நீங்க பாத்திருக்கணுமே!”

அப்புறம் ஞாயிறு தோறும் வந்தார், நான் எதையும் மாற்றவில்லை. வாழை மரத்துக்குச் சிரித்தார். தாடிக்குச் சிரித்தார், அந்தத் தம்பியை இன்னமும் வழியில் கண்டால் தாடையைத் தடவிக் காட்டுவாராம். தலைவரின் மாலைக் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கேலி செய்கிறார்களே என்று ஒரு இடத்திலும் முகம் சுருங்கவில்லை. எங்கேயாவது மாஸ்டர் கூட்டி எழுதியிருந்தால் மட்டும் “இத்தன இல்ல, கொஞ்சம் கம்மி” என்று திருத்துவார். நான் தனியாக வாசித்தபோது வெட்டுக்கிளியார் ஒரு கோமாளி. இவரைப் பக்கத்தில் வைத்து வாசித்தபோது அதே வரிகளில் வேறு ஒரு மனுசன் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது ஞாயிறு பேரி மரம் வந்தது. ‘விதவை ஒருத்தியின் மரத்தை வெட்டிக் கொன்றார்’ என்று இருந்தது. நான் சொன்ன கதை. சத்தமாக வாசித்தேன். வாசிக்கும்போது குரலில் கொஞ்சம் உறைப்பும் ஏற்றினேன்.

மாமா சிரிக்கவில்லை. குழம்பிப்போய்ப் பார்த்தார்.

“மரம் செத்துப் போச்சா தங்கச்சி? போன மாசந்தானே உங்க மருமக எனக்கு நாலு காய் கொண்டாந்து குடுத்துச்சு?”

 அவர் சொன்னது சரி. மரம் சாகவில்லை. வெட்டின மூன்றாம் வருசமே அது காய்க்கத் தொடங்கியது. பதினாறு பதினேழு வருசமாக அந்தக் காயைத் தின்கிறேன், ஊறுகாய் போடுகிறேன், பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிறேன். மருமகள் அவருக்குக் கொடுத்தது எனக்குத் தெரியாது. ஆனால் மரம் செத்ததாகத்தான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். கையில் காயை வைத்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

“ஒரு கெளைய விட்டுத்தானே வெட்டுனேன்” என்றார் மெதுவாக. “ஒரு மாசம் வந்து சாணமும் பூசினேன். நீங்க மலைக்குப் போனதுக்கப்புறமாத்தான் வருவேன். கோவமா இருந்தீங்க.”

அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை. கண் வலிக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு. கடைசி அத்தியாயம். நான் புத்தகத்தைத் திறக்கும் முன்னாலேயே மாமா கேட்டார்.

“கடைசில வெட்டுக்கிளி என்னாவாரு?”

“செத்துப் போறாருண்ணே.”

“ம்.” துவாயை மடித்து மடியில் வைத்தார். “ஆளு வந்துச்சா?”

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை நான் சொல்ல வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சம்சாரம் வெகு காலத்துக்கு முன்னாலேயே செத்துவிட்டது. அது செத்த அன்றைக்கு அடைமழை. மண் சரிந்து பாதை மூடிவிட்டது. மேல் லயத்தாட்கள் இறங்க முடியவில்லை, கீழ் லயத்தாட்கள் ஏற முடியவில்லை. வந்தது மூன்றே பேர். பாடையின் நாலாவது மூலையைத் தாலி கட்டின புருசனே தூக்கினார். அந்த மூன்று பேரில் ஒருவர் எங்கள் வீட்டுக்காரர். நனைந்து வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்து அவர் எனக்குச் சொன்ன கதை அது. மாஸ்டரிடம் அத்தனை கதை சொன்னவள் அதை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை.

புத்தகத்தில் விரலை வைத்தேன். ‘ஒரு ஆளும் வரவில்லை’ என்பதன் மேல்தான் விரல் நின்றது.

“வந்துச்சுண்ணே. மேல் லயத்து ஆளுக எல்லாம் வந்தாங்கன்னு போட்டிருக்கு.”

“கீழ் லயம்?”

“கீழ் லயமும் வந்துச்சு. நாலு லயமும் வந்துச்சு. கடத்தெரு நானா கடையச் சாத்திட்டு வந்தாரு. கணக்கப்பிள்ள வந்தாரு. மலையில வேல வாங்குற கண்டாக்கையா கொடையோட வந்தாரு.”

“கொட எதுக்கு? மழையா?” என்றார் பதறி.

“இல்லண்ணே, இல்லண்ணே. வெயிலு. நல்ல வெயிலு. வெயிலுக்குத்தான் கொட.”

“தப்பு மேளம்?”

“மேளத்துச் சத்தம் தலவாக்கலைக்குக் கேட்டுச்சாம்.”

மாமா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மாஸ்டர் நல்ல மனுசன்” என்றார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. விழாவில் புத்தகத்தைப் பற்றி யாராவது பேசுவார்களே! பேசினால் வாசித்துக் காட்டுவார்களே! நாலு லயத்து ஆட்களுக்கு முன்னால், முதல் வரிசையில் உட்கார்ந்து, தனக்கு ஒரு ஆளும் வரவில்லை என்பதை அவர் கேட்க வேண்டி வரும். மறுநாளே பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். மாஸ்டரின் பள்ளிக்கூட வாசலில் நின்று, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“செடிய வெட்டுற அந்த மனுசன்கூட ஒரு கெளைய விடுறாரு தம்பி. நீங்க அவரு கதைல ஒரு கெள விடலையே?”

“சின்னம்மா, அந்த வரியே நீங்க சொன்னதுதானே!”

“நான் சொன்னா அப்பிடியே எழுதிருவீங்களா? நான் அஞ்சாம் வகுப்பு. நீங்க பட்டதாரி.”

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். புத்தகம் அச்சாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார். நயவுரை சொல்லக் கண்டியிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார், அவருக்கும் அந்தக் கடைசி வரிதான் உயிராம். எதற்கும் அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொல்ல மறந்தாரோ, சொல்லக் கூச்சப்பட்டாரோ, அதை நான் கேட்கவில்லை.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் நாலு லயமும் லொறி பிடித்து வந்திருந்தது. மாமா வெள்ளை வேட்டி, யாரிடமோ வாங்கின கறுப்புக் கோட். முதல் வரிசை. கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். தலைமையுரை நீண்டபோது அவருடைய விரல்கள் கத்திரிக்கோல் மாதிரி ஆடுவதைக் கண்டேன். நான் பின்வரிசையில் தூணோடு ஒட்டி இருந்தேன்.

பேராசிரியர் எழுந்தார். நல்லாத்தான் பேசினார். முடிக்கும்போது, “இந்த நாவலின் உச்சம் அதன் கடைசி வரிதான். வாசிக்கிறேன் கேளுங்கள்” என்று சொல்லி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒரு ஆளும் வரவில்லை. தேயிலைச் செடிகள்தான். நிம்மதியாக. ஒரு அங்குலம்.

மண்டபம் கைதட்டிச் சிரித்தது. எங்கள் லயத்து ஆட்களும் சிரித்தார்கள். என் வசனத்துக்கு அத்தனை கைதட்டல். நான் தூணுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கினேன்.

முதல் வரிசையில் மாமா எழுந்து நின்றார்.

“ஐயா, மன்னிச்சுக்கிருங்க. அது அப்பிடி இல்லீங்க.”

“எது, பெரியவர்?”

“ஆளு வந்துச்சுங்க. நாலு லயமும் வந்துச்சு. நானா கடையச் சாத்திட்டு வந்தாரு. கண்டாக்கையா கொடையோட வந்தாரு, வெயிலுக்கு. நீங்க அந்தப் பக்கத்தப் பொரட்டாம விட்டுட்டீங்க போல.”

சிரிப்பு இன்னும் பெரிதானது. பேராசிரியர் புத்தகத்தை விரித்து உயர்த்திக் காட்டினார். “இதோ, அச்சில் இருக்கிறதே!”

“அப்போ ஒங்க புத்தகத்துல பிழைங்க. எங்க தங்கச்சி புத்தகத்துல சரியா இருக்கு. அதோ, தூணுக்குப் பின்னால ஒக்காந்திருக்காங்க. கேட்டுப் பாருங்க.”

மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்கிக் காட்டுகிறவள் நான்.  மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

எழுந்தேன். “ஆமாங்க” என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். “என் புத்தகத்துல ஆளு வந்திருக்குங்க.”

சிரிப்பு நின்றது. மேடையிலிருந்து மாஸ்டர் இறங்கினார். வரிசைகளுக்கு நடுவே நடந்து என்னிடம் வந்து, என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். எழுதினவருக்குத் தெரியாதா? பார்த்துக்கொண்டே நின்றார். நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

மாஸ்டர் தொண்டையைச் செருமிவிட்டு வாசித்தார்.

“மேல் லயம் வந்தது. கீழ் லயம் வந்தது. நானா கடையைச் சாத்திவிட்டு வந்தார். கண்டாக்கையா குடையோடு வந்தார். அன்றைக்கு நல்ல வெயில்.”  பிறகு, “இந்தக் கதையை எழுதின மாஸ்டரும் ஹட்டனிலிருந்து ஓடி வந்து ஒரு மூலையைத் தூக்கினார்” என்று முடித்தார்.

புத்தகத்தை மூடி, மேடையைப் பார்த்துச் சொன்னார்: “ஐயா, உங்களுக்குக் குடுத்தது பிழையான பிரதி. மன்னிச்சிருங்க.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். “அப்படியானால் என் நயவுரையிலும் திருத்தம் வேண்டும்” என்றார். அவரும் நல்லவர்தான்.

“பாத்தீங்களா?” என்று மாமா மண்டபத்துக்கே பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் லயத்துப் பெண்களில் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். லொறியில் திரும்பும்போது எனக்கு முன்பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். மாமாவுக்கு மட்டும் ஒரு குறை.

“மாஸ்டர் தூக்குனதா நீங்க வாசிக்கவே இல்லையே தங்கச்சி?”

“கண்ணு தெரியலண்ணே. விட்டுட்டேன்.”

“நல்ல எடத்தையெல்லாம் விட்டுர்றீங்க. மறுபடி மொதல்லருந்து பாத்து வாசிங்க.”

இப்போது அவருக்கு எண்பது நெருங்குகிறது. திடமாக இருக்கிறார். ஞாயிறு தவறாமல் வந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி அத்தியாயம் மட்டும் போதும் என்பார். நானும் ஒவ்வொரு வாரமும் விட்டுப்போன யாரையாவது கண்டுபிடித்து வாசிக்கிறேன். நல்லதண்ணியிலிருந்து ஒரு பஸ் ஆட்கள் வந்தார்கள். இறம்பொடையிலிருந்து மாலை வந்தது. பாதித் தாடிக்காரர் வந்து எல்லாரையும்விட அதிகமாக அழுதார். கழுத்து வெட்டுப்பட்ட மயிலின் துரைகூட எங்கிருந்தோ கார் பிடித்து வந்துவிட்டார்.

கஷ்டம் என்னவென்றால், போன வாரம் யாரைக் கொண்டு வந்தேன் என்பது இந்த வாரம் எனக்கு மறந்து போகிறது. அவருக்கு ஒருவரும் மறப்பதில்லை. “இறம்பொடையிலருந்து ரெண்டு மாலன்னு வாசிச்சீங்க, இப்ப ஒன்னுங்கிறீங்க” என்று பிடித்துவிடுகிறார். அதனால் இதை வாசிக்கிற யாராவது எங்கள் லயத்துப் பக்கம் வந்தால், தயவு செய்து அவரிடமே கேட்டு, இதுவரை யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு கடதாசியில் எழுதி, சரிபார்த்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒருவர்கூட விடுபட்டுவிடக் கூடாது.